சித்தி பிள்ளையைப் பார்க்கப் போகாத பதினோரு நாட்கள்

1

முத்து, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். உன்னோடு சேர்ந்து உன் தங்கை காயத்ரியும், அவளுடைய கூட்டாளிகளும், தமிழ் வாசிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதை வாசிக்கலாம். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த டெல்லிச் சித்தப்பா எழுதுவது. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே போங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினிக்கு ஒன்பது வயது முடிந்தது. நீங்கள் எல்லாரும் தென்காசியிலிருந்து வீடியோ காலில் வந்து கைதட்டினீர்கள். பெரியவர்கள் பேசி முடித்ததும் போன் உன் கைக்கும் அவள் கைக்கும் வந்தது. யார் உயரம் என்று சண்டை. அவள் கேமரா முன்னால் நாற்காலியில் ஏறி நின்றாள். அப்போதுதான் நீ சொன்னாய்:

"ஏட்டி, ரொம்பத் துள்ளாத. நீ பொறந்தப்ப ஒங்கம்மாவே ஒன்னயப் பாக்க வரல. பதினோரு நாளு வேண்டாம்னு போட்டுட்டாவ. எங்கம்மாதான் சொன்னா."

தர்ஷினி போனைக் கட்டிலில் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அப்பா, சச்சி, நிஜமா சொல்லுங்க. நான் பொறந்தப்போ மம்மி என்னைப் பாக்கவே வரலையா?"

நான், "முத்து சும்மா வெளாட்டுக்குச் சொல்லுதான். நீ போய் கேக்கைத் தின்னு" என்றேன்.

அது பொய். நீ சொன்னதில் பதினோரு நாள் என்பது சரி. வேண்டாம் என்பதுதான் தப்பு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்பா முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. அன்றிலிருந்து அவள் அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை. கேட்டதற்கு "ஹாங்", "நஹீ" என்று ஒரு சொல், ஆமாம், இல்லை என்று. பக்கத்தில் படுக்கக்கூட வருவதில்லை. செல்விக்கு, அதாவது உங்கள் சித்திக்கு, காரணம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாததால் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

2

பெண்ணுக்கு முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்துப் போவார்கள். நாங்கள் டெல்லியில் இருந்ததால், வளைகாப்பை ஊரில் வைத்துக்கொள்ளலாம், நீங்களே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சித்தியின் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. பெட்டியும் கட்டியாயிற்று. சித்தி டெல்லிக்கு வந்து அப்போது ஒரு வருஷம்தான். இந்தியில் அவளுக்குத் தெரிந்தது "பையா, கித்னே கா?" மட்டும். காய்கறி வண்டிக்காரரிடம் விலை கேட்பாள். அவர் பதில் சொன்னால் புரியாது.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஆனால் பெரும்பாலும் ரிட்டயர் ஆகும் வயதில் உள்ளவர்கள். அந்தக் குளிர்காலத்தில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் மத்திய அரசு அலுவலகத்தில் எலக்ட்ரீஷியன். காலையில் போனால் இருட்டித்தான் வருவேன்.

ரயிலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தர்ஷினி பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். நம் வீட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் கூட. சித்திக்கு ஒரு நொடி காட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார். பெரிய பிள்ளைகளுக்கு ஐ.சி.யு. இருப்பதுபோலப் பிறந்த பிள்ளைகளுக்கும் ஒன்று உண்டு. இங்கே அதை நர்சரி என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் நான் எல்.கே.ஜி. மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டேன். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. மூக்கில் குழாய், காலில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மெஷின்கள் கீ கீ என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

பெட்டியில் "பேபி ஆஃப் செல்வி" என்று சீட்டு ஒட்டியிருந்தது. எல்லா நோட்டிலும் எல்லா ரசீதிலும் அதுதான் பெயர். நர்சரிக்குள் போவதற்கு ஒரு பாஸ் தருவார்கள். அது அம்மாவின் பெயரில்தான் இருக்கும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம். அம்மாவுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அந்த அம்மா போகவில்லை.

3

முதல் இரண்டு நாள் சித்தி அதே ஆஸ்பத்திரியில் கீழ்மாடியில்தான் இருந்தாள். "மேல வந்து பிள்ளையைப் பாருங்க" என்று நர்ஸ் கூப்பிட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லச் சொன்னாள், சொன்னேன். மூன்றாம் நாள் அவளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்குப் போகலாம் என்பாள். மறுநாள் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

சாப்பிடுவதில்லை. தூங்குவதில்லை. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பாலை மட்டும் எடுத்து, ஆஸ்பத்திரியில் தந்த சின்னக் குப்பியில் மூடி வைத்துவிடுவாள். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஜனவரிக் குளிர். பால் குளிர்ந்து போகக் கூடாதே என்று ஜெர்க்கினுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ்ஸில் நிற்பேன். நான்காம் நாள்தான் நர்சரி சிஸ்டர் குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார். பாலை ஐஸ் வைத்துக் குளிரக் குளிரத்தான் கொண்டு வர வேண்டுமாம். பால் சூடாக இருக்க வேண்டும் என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது? நானாக நினைத்துக்கொண்டது.

அந்த நாட்களில் நான் மூன்று பக்கமும் பொய் சொன்னேன்.

சித்தியிடம், "பிள்ளை பூராப் பாலையும் குடிச்சிருச்சு" என்றேன். உண்மையில் ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன்கூடக் குழாயில் விட முடியவில்லை. மீதி அங்கே பிரிட்ஜில் இருந்தது. ஆஸ்பத்திரியில், "அம்மாவுக்குக் காய்ச்சல், இறங்கியதும் வருவாங்க" என்றேன். வாசல் கார்டு தினமும், "மா கஹாங் ஹை?" என்று கேட்பார். அம்மா எங்கே. தினமும் காய்ச்சல். ஊரிலிருந்து போன் வந்தால், "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ" என்றேன். உங்கள் தாத்தா வீட்டில் அன்றைக்குச் சர்க்கரை கொடுத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எல்லாரும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும், அதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

4

நேற்று எழுத முடியவில்லை. ஆபீஸில் ஒரு மாடி முழுக்கக் கரண்ட் இல்லை. ஹீட்டர் இல்லாமல் அதிகாரிகள் கையைத் தேய்த்துக்கொண்டு என் பின்னாலேயே நின்றார்கள். "ஜல்தி கரோ பாய்" என்று பத்து பேர் சொன்னால் கை வேகமாக ஓடாது, நடுங்கத்தான் செய்யும்.

இப்போது காலை. சித்தி வாசலில் நின்று இஸ்திரிக்காரரோடு சண்டை போடுகிறாள். அவள் தைத்துக் கொடுத்த பிளவுஸ் ஒன்றை அவர் தீய்த்துவிட்டார். அது அடுத்த பிளாக் பஞ்சாபி அம்மாவுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் "கித்னே கா" மட்டும் தெரிந்தவள், இப்போது அவரை மூச்சுவிட விடவில்லை. அவள் இந்தியில் ஹரியானா வாடை அடிக்கும். இங்குள்ளவர்களே, "பாபி, நீங்க ரோத்தக்கா?" என்று கேட்பார்கள். பாபி என்றால் அண்ணி, ரோத்தக் ஹரியானாவில் ஓர் ஊர். அது எப்படி வந்தது என்று பிறகு எழுதுகிறேன்.

தர்ஷினி ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். ஆனால் மணி அடித்து மைதானத்துக்கு வந்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் இந்திதான். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இரண்டு வரி வாசித்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். இந்தக் கட்டுரையை அவள் வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

"லஞ்ச்சுக்கு என்ன வைக்கட்டும்?" என்று சித்தி கேட்டாள்.

"குச் பீ."

ஏதாவது என்று அர்த்தம். சித்தி என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

5

பதினோராம் நாள் சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிள்ளையைப் பார்க்க இல்லை. பிரசவமான அம்மாவுக்கு ஒரு செக்கப் உண்டு, அதற்கு. டாக்டர் பார்த்துவிட்டு, "பிள்ளை நர்சரியில் இருக்கிறதா, அப்படியானால் கவுன்சலரிடம் போங்கள்" என்று ஒரு சீட்டு எழுதித் தந்தார். கவுன்சலர் என்றால் மனசில் இருப்பதைக் கேட்டு உதவி செய்கிறவர். அந்த மேடம் முன்னால் ஒரு தாள், அதில் கேள்விகள். மேடத்துக்குத் தமிழ் தெரியாது, சித்திக்கு இந்தி தெரியாது. நடுவில் நான். மேடம் இந்தியில் கேட்டதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"ராத்திரி தூக்கம் வருகிறதா, கேளுங்கள்."

கேட்டேன். சித்தி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ண மூடினா அந்த மெஷின் கீ கீன்னு அடிக்கு."

நான் மேடத்திடம், "வருகிறது ஜி, நன்றாகவே" என்றேன்.

"முன்போலச் சிரிக்க முடிகிறதா?"

"எதுக்குச் சிரிக்கணும்?" என்றாள் சித்தி.

"கொஞ்சம் களைப்பு ஜி. அதனால் கம்மி."

"பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருக்கிறதா?"

சித்தி மெதுவாகச் சொன்னாள். "அது என் பிள்ளைன்னே தோணல. யாருதையோ வச்சு என் பேரை ஒட்டியிருக்காவ. என் பிள்ளைன்னா, அது இப்படிக் கெடக்கது என்னாலதான். நான் ஒழுங்கா இருக்கல. நான் போய்த் தொட்டா இருக்கதும் போயிரும்."

அதைக் கேட்டும் எனக்கு இந்தி வந்தது. "ரொம்ப ஆசை ஜி. காய்ச்சல்தான் விட மாட்டேன் என்கிறது."

மேடம் எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்வி. "தான் இல்லாமல் போனால் நல்லது என்று எப்போதாவது தோன்றுகிறதா?"

சித்தி தலை தூக்கி என்னைப் பார்த்தாள். "தெனமும் தோணுது."

நான் சொன்னேன். "நஹீ ஜி. ஐஸா குச் நஹீ." அப்படி எதுவும் இல்லை என்று.

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால் அந்த ஐந்து சொல்தான். ஏன் செய்தேன்? ஃபைலில் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் பிள்ளையை நம் கையில் தரமாட்டார்கள் என்று பயந்தேன். ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்றும் பயந்தேன். உங்கள் சித்திக்கு என்ன ஆகும் என்ற பயம் அவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

பின்னால் பீரோ பக்கம் ஒரு நர்ஸ் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி, "மேடம், ஏக் மினிட்" என்றார். பிறகு என்னிடம் தமிழில் பேசினார்.

"அண்ணா, நான் பாறசாலைக்காரியாக்கும். நாகர்கோவில்ல நர்சிங் படிச்சவ. அவங்க சொல்லுகது ஒண்ணு, நீங்க சொல்லுகது வேற ஒண்ணு. ஒரு கேள்வி இல்ல, நாலும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது எங்க குடும்ப விஷயம் சிஸ்டர்."

"குடும்ப விஷயத்த வீட்டுல வச்சுக்கோங்க. இங்க கேக்கது சீக்கு விஷயம். அவங்களுக்குச் சீக்கு. நீங்க அதுக்கு மேல போர்வையப் போட்டு மூடுகீங்க."

அவர் பெயர் லிஸி. கேரள எல்லையில் இருக்கிற ஊர்க்காரர். அவர் மேடத்திடம் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார், சித்தி சொன்னபடியே. மேடம் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "நீங்கள் வெளியே உட்காருங்கள்" என்றார். எழுந்தேன். கதவைச் சாத்தும்போது லிஸி சிஸ்டர் சித்தியின் பக்கத்து நாற்காலியில், என் நாற்காலியில், உட்கார்வதைப் பார்த்தேன்.

வெளியே பெஞ்சில் அந்த வாசல் கார்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன பாய் சாப், துரத்திவிட்டார்களா?"

"அவள் சொன்னதை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்" என்றேன். வேறு யாரிடமும் சொல்ல ஆள் இல்லை.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "மனைவிக்கு வக்கீலாகப் போகாதீர்கள். கேஸ் தோற்றுப் போகும்."

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சித்திக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்ன சொல்லப் போகிறாளோ என்று நின்றேன்.

"பசிக்கி" என்றாள்.

பதினோரு நாளில் முதல்முறையாக. கேட்டுக்கு வெளியே வண்டியில் பிரெட் பக்கோடா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதையும் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை என்னிடம் தந்தாள்.

6

அன்று மதியம் மனநல டாக்டர் பார்த்தார். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பிள்ளை பெற்ற அம்மாக்கள் பலருக்கு இப்படி வருவதுண்டு, பிள்ளை நர்சரியில் இருந்தால் இன்னும் கூடுதலாக வரும், இது யாருடைய தப்பும் இல்லை, குணமாகும். பால் கொடுக்கிற அம்மாவும் சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதித் தந்தார். வாரம் ஒருமுறை மேடத்திடம் வந்து பேச வேண்டும் என்றார். "அவள் தனியாக இருக்கக் கூடாது" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் அன்றே லீவு எழுதிப் போட்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

டாக்டர் சொன்னது பெரியவர்கள் பேச்சு. உங்களுக்கு எனக்குத் தெரிந்த கரண்டை வைத்துச் சொல்கிறேன். வீட்டில் மீட்டர் பக்கத்தில் சின்னச் சின்ன சுவிட்ச் இருக்கும் இல்லையா, அது சில சமயம் தானாக டப்பென்று விழுந்துவிடும். உடனே எல்லாரும் சுவிட்ச் கெட்டுப்போச்சு என்பார்கள். கெட்டுப்போகவில்லை. தாங்க முடியாத கரண்ட் வந்தால் விழுவதுதான் அதன் வேலை. அதைத் திட்டிப் பயனில்லை, கையால் அழுத்திப் பிடித்தாலும் நிற்காது. எங்கே சுமை கூடிற்று என்று பார்த்துக் குறைக்க வேண்டும். சித்தி மனசிலும் ஒரு சுவிட்ச் விழுந்திருந்தது. வேண்டாம் என்று அவள் யாரையும் ஒதுக்கவில்லை. டாக்டர் இப்படிச் சொல்லவில்லை, இது நான் சொல்வது. தப்பாக இருந்தால் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்து திருத்துங்கள்.

லிஸி சிஸ்டர் டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்தார். "நர்சரிக்கு வாறீங்களா? உள்ள வரணும்னு இல்ல. வாசல் கண்ணாடி பக்கம் நின்னுட்டுத் திரும்பிப் போலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்று சித்தி கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் உள்ளே போனாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாளாம். சிஸ்டர்தான் குழாயை மூடியிருக்கிறார். "போதும், தோலு போயிரும்." பெட்டியின் ஓட்டை வழியே ஒரு விரலை விட்டாள். தர்ஷினி அதைப் பிடித்துக்கொண்டாள், சித்தி அழுதாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். சித்தி வெளியே வந்து, "சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு தினமும் போனாள். நர்சரிக்குப் பக்கத்தில் அம்மாக்களுக்கு ஒரு அறை உண்டு. அங்கே ரோத்தக் பக்கத்திலிருந்து வந்த சுனிதா என்ற அம்மா இருந்தார். பெரிய குரல். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் பெட்டியில். சித்தி போனதும், "ஏ மதராசன், இன்னிக்கு எத்தனை கிராம்?" என்று கேட்பார். அந்த அறையில் எல்லாருக்கும் பேச்சு கிராமில்தான். இன்று இருபது கூடிற்று, இன்று பத்து குறைந்தது. சித்தி இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஒரு நாள் தர்ஷினிக்கு முப்பது கிராம் குறைந்துவிட்டது. சித்தி மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். சுனிதா அவள் மடியில் ஒரு ரொட்டியை வைத்து, கையால் ஜாடை காட்டி, "முதலில் நீ ஏறு, அப்புறம் அது ஏறும்" என்றாராம். சித்தி சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்துக் காட்டினாள். அவள் சிரித்ததை நான் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று எண்ணவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நாளில் பிள்ளையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள், கங்காரு மாதிரி. மணிக்கணக்காக அப்படியே உட்கார்ந்திருப்பாள். நாற்பத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாத்திரை அதன் பிறகும் ஒரு வருஷம் சாப்பிட்டாள். நடுவில் மறுபடி இரண்டு மூன்று முறை மனசு இருண்டது, மறுபடி மேடத்திடம் போனோம். உண்மையாகவே நன்றாக ஆகிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது எப்போது தெரியுமா? தர்ஷினிக்கு ஏழு மாதம் இருக்கும்போது, நான் வாங்கி வந்த கத்திரிக்காய் முற்றல் என்று என்னைத் திட்டினாள்.

முத்து, உன் அம்மா, எங்கள் அண்ணி, உதவிக்கு வந்தது பிள்ளை பிறந்த இருபதாம் நாள். மாத்திரையைப் பார்த்து என்ன இது என்று கேட்டார்கள். "காய்ச்சல் மாத்திரை அண்ணி" என்றேன். பதினோரு நாள் போகவில்லை என்பதை ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஏன் போகவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அதனால் அவர்களுக்குக் கிடைத்தது பாதி. அந்தப் பாதிதான் உன்னிடம் வந்தது. உன் அம்மா கேட்டால், நான் எழுதியதாகச் சொல்லு, சித்தப்பா மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லு.

7

சனிக்கிழமை. சித்தி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாலு நாளா என்னத்த எழுதுதீங்க? டிரான்ஸ்பருக்கா?"

மறைக்கப் பார்த்தேன். கை தானாகத் தாளின் மேல் போனது. பிறகு எடுத்துவிட்டேன். முத்து சொன்னது, தர்ஷினி கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொல்லித் தாள்களைக் கொடுத்தேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தாள். நான் அடுக்களைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

"எழுத்து மோசமில்ல" என்றாள். "ஆனா ஒரு விஷயம் விட்டுப்போச்சு."

"எது?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் ஒங்க சட்டையத்தான் மொதல்ல வாங்குவேன். எதுக்குன்னு நெனைச்சீங்க?"

"தொவைக்கதுக்கு."

"தொவைக்கதுக்கு!" என்று சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அந்த ரூமுக்குள்ள அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வாரீங்கல்லா. குளியலறைக்குள்ள கொண்டு போயி மோந்து பாப்பேன். மருந்து வாடைதான் அடிக்கும். அதுக்குள்ள புள்ள வாடை இருக்கான்னு தேடுவேன். போகத்தான் முடியல. போகணும்னு இல்லாம இல்ல."

பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

"நான் தர்ஷினிகிட்டப் பேசுதேன்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. இது நான் சொல்ல வேண்டியது."

தர்ஷினியைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்தாள். தமிழிலும் இந்தியிலுமாகச் சொன்னாள், ஹரியானா வாடையோடு. எதையும் விடவில்லை, பெரியவர்களுக்கு மட்டும் உரியதைத் தவிர. தர்ஷினி நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மம்மி, எனக்குத் தெரிஞ்சிருக்குமா நீங்க வரலன்னு?"

"தெரியல குட்டி. தெரிஞ்சிருந்தா ஸாரி."

"நான் சோயி ஹுயீ தீ" என்றாள் தர்ஷினி. நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று. பெரிய மனுஷி மாதிரி அம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு போனை எடுத்து அவளே உனக்கு வீடியோ கால் போட்டாள். நீ பேட்டோடு வந்து நின்றாய். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன், மற்றப் பிள்ளைகள் வாசிப்பதற்கு.

"முத்து, சுனோ. எங்க மம்மிக்கு அப்போ தபியத் கராப். உடம்புக்கு இல்ல, மனசுக்கு. டாக்டர் மருந்து குடுத்தாங்க. அப்புறம் டெய்லி வந்தாங்க. வேண்டாம்னு இல்ல. சம்ஜா, புரிஞ்சுதா?"

"ஊசி போட்டாவளா?"

"நஹீ. மாத்திரை. அப்புறம் ஒரு மேடம்கூடப் பேசணும்."

"பேசுனாச் சரியாயிருமா? எனக்கு டைபாய்டுக்கு எத்தன ஊசி குத்துனாங்க தெரியுமா!" என்று நீ பொறாமைப்பட்டாய். பிறகு குரல் இறங்கியது. "சித்தி பக்கத்துல இருக்காவளா?"

சித்தி போனை வாங்கினாள்.

"சித்தி, நான் சொன்னது தப்பு."

"தப்பில்லலே, பாதி. மீதிய ஒங்க சித்தப்பா எழுதி வச்சிருக்காவ. அனுப்புதோம், படி."

"எத்தன பக்கம்?"

சித்தி தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "பதினாலு."

"ஐயோ! நீங்களே சொல்லிருங்க சித்தி."

சித்தி சிரித்தாள். காலை மடக்கிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். "சரி, கேளு. அப்ப எனக்கு இந்தி தெரியாது..." என்று ஆரம்பித்தாள். ஓர் இடத்தில் நாள் கணக்கை மாற்றிச் சொன்னாள். திருத்த வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

தர்ஷினி அம்மாவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, கதை முழுக்கத் தெரிந்தவள்போல அவசரப்படுத்தினாள். "மம்மி, ஷர்ட் வாலா பாத் சொல்லுங்க. ஷர்ட்."

"அது கடைசியில வரும்ட்டி. சும்மா இரு."